வகிட்டின் இரு பக்கம்

"கலக்கினது நான்."

"தடவினது நான்."

"கலக்காம எதைத் தடவுவீங்க? பச்சைத் தண்ணியையா?"

"கலக்கி கிண்ணத்துலதானே வெச்சே? கிண்ணமா வீங்குச்சு? முகம்தானே வீங்குச்சு. அப்ப தடவினவதான் குத்தவாளி. பேசாம இரு."

"நீங்க தடவினது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் யாரு தடவினாங்களாம்?"

"அது யாருக்குத் தெரியும்?"

"தபாலம்மாவுக்குத் தெரியும். எதிர்ல கண்ணாடியைப் பார்த்துக்கிட்டுதானே உட்கார்ந்திருந்தாங்க."

"மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டா அந்தம்மாவுக்கு எதிர்ல நிக்கிறது நீயா, நானா, கதவான்னு தெரியாது. துண்டைப் பிடி."

சண்டை நடந்தாலும் கைகள் நிற்கவில்லை. கொடியிலிருந்து எடுத்து வந்த துண்டுகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. பெரியக்கா ஒரு முனையைப் பிடித்தால் சின்னக்கா மறுமுனையைப் பிடித்தாள். உதறி, இழுத்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். உதறுகிற சத்தம் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

பெரியக்கா, சின்னக்கா என்பது பார்லருக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். அவர்கள் அக்கா தங்கை இல்லை, அண்ணியும் நாத்தனாரும். "ரெண்டு பேருக்கும் அப்படியே ஒரே மூக்கு" என்று சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் உண்டு. அதை யாரும் திருத்துவதில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் சின்னக்காவின் அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டியவர். இடுப்பு விட்டுப்போனதற்குப் பிறகு சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

"நான் பண்ணலை, நீதான் பண்ணேன்னு அடிச்சுக்கிறவங்களைப் பார்த்திருக்கேன்" என்று அவர் குரல் வந்தது. "நான்தான் பண்ணேன்னு அடிச்சுக்கிற கூத்தை இந்த வீட்டுலதான் பார்க்கிறேன்."

"நீங்க வெங்காயத்தைப் பாருங்க" என்றாள் பெரியக்கா.

"நீ வெங்காயத்தைப் பாருண்ணே" என்றாள் சின்னக்கா.

இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

தபாலம்மா என்பவர் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். மாதம் தவறாமல் தலைக்கு டை அடித்துக்கொள்ள வருவார். நடு வகிடு எடுத்து, இந்தப் பக்கம் பெரியக்காவும் அந்தப் பக்கம் சின்னக்காவும் நின்று ஒரே நேரத்தில் அடிப்பார்கள். அப்படி அடித்தால்தான் முதல் கற்றையும் கடைசிக் கற்றையும் ஒரே நிறம் பிடிக்கும். உட்கார்ந்திருப்பவரும் கழுத்து வலிக்கும் முன் எழுந்து போகலாம். வேறு எந்தக் கடையிலும் இப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு தலைக்கு இரண்டு பேர் நின்றால் கட்டுப்படியாகாது. இவர்களுக்குக் கட்டுப்படியானதா என்று இவர்கள் கணக்குப் பார்த்ததில்லை. லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த காலத்தில் ஒருத்தி தலையை ஒருத்தி பாழாக்கிப் பழகியவர்கள். அந்த ஜோடிக் கை அப்படியே நின்றுவிட்டது.

டை அடிப்பதற்கு முந்தின நாளே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, அரிக்கிறதா, சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும் என்பது தொழில் வாரியத்தின் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு இருவரும் அதைத் தவறாமல் செய்தார்கள். தபாலம்மாவுக்கு முதல் தடவை செய்ததோடு சரி. எப்போதோ ஒரு முறை சின்னக்கா ஞாபகப்படுத்தியபோது, "ஒரு சொட்டுக்காக நான் ஒரு நாள் முன்னாடி வந்து போகணுமாக்கும்? என் காதுக்கு உங்களை நல்லாத் தெரியும்" என்று சிரித்துவிட்டார். அதே தலை, அதே டப்பா, அதே நிறம். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

போன மாதம் டை அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன தபாலம்மாவுக்குச் சாயங்காலமே நெற்றி கனத்தது. விடிவதற்குள் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன; உதடு தடித்துப் பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். பயந்துபோன மாப்பிள்ளை வாரியத்துக்குப் புகார் எழுதினார். வாரியத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு டை அடித்த லைசென்ஸ்காரர் யார் என்று கேட்டிருந்தார்கள்.

லைசென்ஸ் உள்ளவர் ஒருத்தராவது நின்றால்தான் கடை திறந்திருக்கலாம். ஒருத்தி லைசென்ஸ் போனால் இன்னொருத்தியை வைத்துக் கடை ஓடும். இரண்டும் போனால் ஷட்டர் இறங்கும். கடையை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. அதனால் தப்பு ஒருத்தியுடையதாக மட்டுமே இருந்தாக வேண்டும் என்பதில் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். எந்த ஒருத்தி என்பதில்தான் காலையிலிருந்து இந்தப் பஞ்சாயத்து.

"உன் கை நல்ல கை" என்றாள் பெரியக்கா, கடைசித் துண்டை மடித்தபடி. "வர்றவங்க எல்லாம் சின்னக்கா வெட்டட்டும்னுதான் கேட்கிறாங்க. நான் இல்லாட்டியும் கடை ஓடும்."

"முடி வெட்டவா வர்றாங்க? மருமகளைத் திட்ட வர்றாங்க, மாமியாரைத் திட்ட வர்றாங்க. அதை உட்கார்ந்து கேட்கிறது நீங்க. நான் ஒரு வார்த்தை பதில் சொன்னா அடுத்த மாசம் அவங்க வர மாட்டாங்க."

"அப்ப பதில் சொல்லாம வெட்டப் பழகிக்கோ."

அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வெங்காயம்தான். "இங்க பாரு" என்றார் தங்கையிடம். "மிஞ்சிப் போனா சில மாசம் சஸ்பெண்டு பண்ணுவாங்க. அண்ணி தன் பேரைச் சொல்லட்டும். நீ வாயைத் திறக்காதே. ரெண்டு பேரும் வாயைத் திறந்தீங்கன்னா நான் மறுபடியும் லாரியிலதான் ஏறணும். என்னை ஏத்தி விடவே ரெண்டு ஆளு வேணும்."

"என் மேல சத்தியம் பண்ணு" என்றாள் பெரியக்கா.

சின்னக்கா மடித்த துண்டுகளை அலமாரியில் அடுக்கினாள். அடுக்கி முடித்து, கதவைச் சாத்தி, திரும்பி நின்றாள்.

"சரி. உங்க மேல சத்தியம். போதுமா?"

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம சொல்லு."

"மூஞ்சிக்கும் சேர்த்தா சத்தியம் கேட்டீங்க?"

விசாரணை நடந்த வாரிய அலுவலகத்தில் நீளமான நடைவழி. அதில் முதுகு இல்லாத பெஞ்சுகள். தங்கள் தங்கள் லைசென்ஸ் நகலைப் பாலிதீன் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். ஓர் எலக்ட்ரீசியன் இருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். குளிர்பதனப் பெட்டி ரிப்பேர் செய்கிற ஒருவர், எதற்காக வந்தோம் என்பதைப் பக்கத்தில் உட்காருகிற எல்லாருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

தபாலம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கன்னத்தில் தோல் உரிந்து புதுத்தோல் தெரிந்தது. மாப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். உள்ளே வந்த பிறகும் குடையை மடக்கத் தோன்றவில்லை.

"எதுக்கும்மா நீங்க அலையிறீங்க?" என்று பெரியக்கா எழுந்து இடம் கொடுத்தாள்.

"நல்லாயிருக்கே. வீங்கினது என் முகம், விசாரணை மட்டும் நான் இல்லாமயா? புகாரை வாபஸ் வாங்கிக்கிறோம்னு சொல்லத்தான் வந்தேன். ஒரு தடவை கொடுத்தா கொடுத்ததுதானாம், வாங்க முடியாதாம். வாசல்லயே சொல்லிட்டாங்க." மாப்பிள்ளை பக்கம் தலையைத் திருப்பினார். "தபால்பெட்டியில போட்ட மாதிரி."

"அத்தையால மூச்சே விட முடியலை" என்றார் மாப்பிள்ளை பெரியக்காவிடம், தரையைப் பார்த்துக்கொண்டே. "அந்த நேரத்துல எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலைங்க."

"நீங்க பண்ணினது சரிதான் தம்பி. எங்க வீட்டுலயும் அப்படித்தான் பண்ணியிருப்போம்."

முதலில் பெரியக்காவைக் கூப்பிட்டார்கள். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். வெளியே வந்தபோது மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது; முகத்தில் மட்டும் காரியம் முடிந்த தெளிவு. சின்னக்காவைக் கடக்கும்போது கையில் ஒரு கிள்ளுக் கிள்ளி, "தலையை மட்டும் ஆட்டிட்டு வா" என்றாள்.

மேசைக்குப் பின்னால் வாரியத் தலைவி உட்கார்ந்திருந்தார். ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையால் அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். வேரில் ஒரு விரல் அகலத்துக்கு நரை வெளியே வந்திருப்பதைச் சின்னக்காவின் கண் தானாகப் பார்த்தது. யாரோ அவசரத்தில் அடித்துவிட்ட தலை, காதோரம் விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா. அன்னைக்கு நீங்க கடையிலேயே இல்லைன்னு உங்க அண்ணி சொல்றாங்க. அப்படித்தானே?"

சின்னக்கா தலையை ஆட்டினாள்.

"அப்ப உங்களுக்கு வேலை இல்லை. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்."

பேனாவைக் கையில் வாங்கினாள். வாங்கியவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணிக்கு எத்தனை மாசம் மேடம்?"

"மாசமா?" தலைவி மூக்கைத் துடைத்தார். "மாசம் எல்லாம் இல்லம்மா. ரத்துதான். ரெண்டாவது தடவை ஆச்சே."

"ரெண்டாவதா?"

"ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியிருக்காங்களே. கத்தரிக்கோலை மருந்துத் தண்ணியில போடாம அடுத்த ஆளுக்கு வெட்டினதுக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

சின்னக்காவுக்குத் தெரிந்திருந்தது, வேறு விதமாக. அந்தக் கத்தரிக்கோல் அவளுடையது. கூட்டம் நெருக்கிய ஒரு காலை, அவசரத்தில் துடைத்துவிட்டு அடுத்த தலைக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியக்காதான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "என்னத்தைச் சொன்னாரு, நல்ல மனுஷன், போயிட்டாரு" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பெருக்கப் போனாள்.

பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், நான் அன்னைக்குக் கடையிலதான் இருந்தேன். கலக்கினது நான். வகிட்டுக்கு அந்தப் பக்கம் அடிச்சதும் நான்."

தலைவி கைக்குட்டையை இறக்கினார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. ரெண்டு பேரும்னு ஆயிட்டா ரெண்டு பேருக்கும்தான். நான் காதுல வாங்காத மாதிரி இருந்துக்கிறேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

"ரெண்டு பேருக்கும்னா ரத்து ஆகாதுல்ல?"

"பொறுப்பு பாதிப் பாதின்னா ரத்து பண்ண முடியாது. ஆனா ஒரு வருஷம் ரெண்டு பேரும் சீப்பைக் கையில எடுக்கக் கூடாது. அதை நினைச்சுப் பார்த்தீங்களா?"

சின்னக்கா நினைத்துப் பார்த்தாள். அண்ணன் லாரிப் படியில் ஏறக் காலைத் தூக்குவது நினைவுக்கு வந்தது. அதோடு, பெரியக்கா வாழ்நாள் முழுக்க ஒரு தலையையும் தொடாமல், கடை மூலையில் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பதும் வந்தது.

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள்.

பெரியக்காவைத் திரும்பவும் கூப்பிட்டார்கள். உள்ளே கால் வைத்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அவ சொல்றதை நம்பாதீங்க மேடம். சின்னப் பொண்ணு, பயத்துல உளர்றா."

"எனக்கென்ன பயம்? இவங்கதான் மேடம் உளர்றாங்க. கண்ணாடி இல்லாம டப்பாவைப் பிரிக்கவே வராது இவங்களுக்கு. இவங்க எங்க கலக்கிறது?"

"யாருக்குடி வராது? உன் தலையில நான் அடிச்சது மறந்துபோச்சா?"

"அது மறக்குமா? ரெண்டு மாசம் துணி கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே."

கம்ப்யூட்டர்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. தலைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். ஜலதோஷத்துக்காக வைத்த மாதிரி தெரியவில்லை.

சின்னக்கா பையிலிருந்து டையின் காலி டப்பாவை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "இதையும் பாருங்க மேடம். மேல அதே படம், அதே பேரு. அடியில பாருங்க, சின்ன எழுத்துல. உள்ளே போடுற சாமானை மாத்தியிருக்காங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சரக்கு கொண்டு வர்றவருக்கே தெரியாது."

தலைவி டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"இது தப்புதான்" என்றார். "ஆனா அந்தத் தப்புக்குத்தாம்மா தொட்டுப் பார்க்கச் சொல்றது. நீங்க ஒரு சொட்டு வெச்சுப் பார்த்திருந்தா அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டாங்க."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்ப கம்பெனிக்கு?" என்று கேட்டாள் பெரியக்கா, தணிந்த குரலில். "அவங்களுக்கு ஒண்ணும் இல்லையா மேடம்?"

"கம்பெனி எங்ககிட்ட லைசென்ஸ் வாங்கலையேம்மா. உங்ககிட்ட இருக்கிறது எங்க லைசென்ஸ். அதைத்தான் நான் பிடிச்சு நிறுத்த முடியும்." டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கை ஒரு கணம் மேசைமேலேயே இருந்தது. "நான் எழுதிப் போடறேன். அதுக்குமேல என் கையில இல்லை."

பஸ்ஸில் பெரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பாதி வழி தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள்.

"சத்தியம் பண்ணினே."

"பண்ணினேன்."

"என் தலையில இடி விழட்டும்னு நினைச்சியாக்கும்."

"இடி விழுந்தா முடி கருகும். ஒரு வருஷம் கழிச்சு நானே சரி பண்ணித் தர்றேன்."

பெரியக்கா திரும்பவில்லை. தோளை மட்டும் ஒரு தரம் குலுக்கினாள்.

"கத்தரிக்கோல் விஷயத்தை ஏன் சொல்லலை?" என்று கேட்டாள் சின்னக்கா.

"என்ன சொல்றது? என் பேர்லயே எழுதிக்கோங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அப்பதான் உனக்குக் கை வந்துக்கிட்டிருந்துது. ஒரு எச்சரிக்கைன்னு கேட்டா கத்தரிக்கோலைத் தொடும்போதெல்லாம் உனக்குக் கை நடுங்கும். நடுங்கற கையால காது பக்கத்துல வெட்ட முடியுமா?"

சின்னக்கா டப்பா இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு பெரியக்காவின் புடவைத் தலைப்பு காற்றில் பறந்து அவள் முகத்தில் விழுந்தது. அதை எடுத்து, மடித்து, பெரியக்காவின் மடியில் செருகிவிட்டாள்.

வீட்டில் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வாயைத் திறந்துட்டீங்க" என்றார். "சரி, சாப்பிடவும் திறங்க. ஆறிப்போகுது."

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து சுவரிலிருந்த இரண்டு லைசென்ஸையும் கண்ணாடிச் சட்டத்தோடு தானே கழற்றினார். ஆணி இறுகியிருந்தது, சின்னக்காதான் ஸ்டூல் கொண்டு வந்து போட்டாள், பெரியக்கா ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். "பார்த்து இறங்குங்க சார்" என்றாள். சட்டங்கள் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல் போலத் தெரிந்தது. கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு அவர் போனார்.

அவர் போனதும் இருவரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். சீப்புகளைக் கழுவி வரிசையாக வைத்தார்கள். கத்தரிக்கோல்களுக்கு எண்ணெய் போட்டு, துருப்பிடிக்காமல் துணியில் சுற்றினார்கள். நாற்காலிகளின் மேல் பழைய போர்வையைப் போர்த்தியபோது ஒரு முனையைப் பெரியக்காவும் மறுமுனையைச் சின்னக்காவும் பிடித்தார்கள்.

"ஒரு வருஷம் என்ன பண்ணப் போறோம்?"

"சண்டை போடுவோம். அதுக்கு யாரும் லைசென்ஸ் கேட்கலையே."

"வாயைப் பாரு. துணிக்கடையில மடிச்சு வைக்க ஆள் கேட்டாங்களே. ரெண்டு பேரும் நல்லாத்தான் மடிக்கிறோம்."

"சேர்த்தே எடுப்பாங்களா?"

"சேர்த்து எடுக்கலைன்னா நான் போகலை."

"நீங்க போகலைன்னா நானும் போகலை. அப்புறம் அண்ணன்தான் போகணும் மடிக்க."

"என்னை மடிச்சு வைக்கவே ஆள் வேணும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

பெரியக்கா சிரித்தாள். சிரித்ததும் கண் நிறைந்தது. அதை மறைக்கப் போர்வையை இன்னும் ஒரு தடவை உதறினாள்.

அப்போது ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் வந்து நின்றன. சரக்கு போடுகிறவர். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. தலைக்கு மேல் சுமை இருந்தது. தோளில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக அட்டைப் பெட்டிகளோடு முழங்காலை மடக்கி, பெட்டி இடிக்காமல் பதனமாகக் குனிந்து உள்ளே வந்தார். பெட்டி முழுக்க அதே டை; படத்தில் அதே பெண், அதே கருத்த கூந்தல், அதே சிரிப்பு. அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தங்க நிற வில்லை ஒட்டியிருந்தது: ‘தலைமுறைகளின் நம்பிக்கை’. மூச்சு வாங்க அவர் கடையின் நடுவில் நின்று, போர்த்திய நாற்காலிகளையும் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்பெனியில இந்த மாசம் ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா தர்றாங்கக்கா. ஊரெல்லாம் இதேதான் ஓடுது. எங்க இறக்கட்டும்?"